கறள்

வைகாசி பிறந்துவிட்டால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. விக்டோரியா நாள் விடுமுறைக்குள் பூலைத் திறந்து தண்ணீரைத் தெளிய வைத்துவிட வேண்டும் என்று ஒன்ராறியோ முழுவதும் ஒரே அவசரம். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று வரும் அழைப்புகளில் பாதி தமிழ்க் குரல்கள். அவற்றில் பாதி ஒரே கேள்வியைக் கேட்கும்.

"தம்பி, சுவரிலை கொஞ்சம் கறள் பிடிச்சிருக்கு. ஒருக்கா வந்து அடைச்சு, பெயின்ற் அடிச்சு விட ஏலுமோ?"

கறள் என்பது எங்கள் ஊர்ச் சொல். தமிழ்நாட்டில் துரு என்பார்கள். நிலத்துக்கு மேலே நிற்கும் நீச்சல் தடாகங்களைப் பூட்டுவதும் திருத்துவதும் கழற்றுவதுமாக இருபது கோடைகளுக்கு மேல் கழித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை வீட்டு முற்றத்தில் நின்று ஐந்து நிமிடத்தில் விளக்க முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தடாகம் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். பள்ளம் தோண்டிக் கொங்கிரீட் போடுவதில்லை. புல்லை வெட்டி எடுத்து, நிலத்தை மட்டம் பார்த்து, மணல் பரப்பி, அதன்மேல் ஒரு தகட்டைச் சுற்றி வட்டமாக நிறுத்துகிறோம். உள்ளே லைனர் என்கிற வைனைல் விரிப்பைத் தொங்கவிட்டுத் தண்ணீரை நிரப்புகிறோம். அவ்வளவுதான். சாதாரணமாக வீடுகளில் இருப்பது 24 அடி விட்டமும் 52 அங்குல உயரச் சுவரும் கொண்டது. அதில் 4 அடிக்குத் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 51,000 லீற்றர், அதாவது 51 தொன்.

அதைத் தாங்கும் சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. பாய்போலச் சுருட்டி ஒரே பெட்டியில் வரும், 75 அடி நீளமான நெளிதகடு. வட்டமாகச் சுற்றி, இரண்டு நுனிகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, வரிசையாகப் போல்ட் போட்டு இறுக்குவோம். சுற்றிவர நிற்கும் கால்கள்தான் தண்ணீரைத் தாங்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். வட்டத் தடாகத்தில் அந்தக் கால்களின் வேலை மேல்விளிம்பைச் சுமப்பதும் சுவரை நிமிர்த்தி வைப்பதும்தான். தண்ணீர் வெளியே தள்ளுகிறது. தகடு வளையமாக இறுகி அதைத் தடுக்கிறது. ஊரில் வண்டிச் சில்லைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டிருப்பார்கள். பட்டை முழுதாக இருக்கும்வரை சில்லு கலையாது. இதுவும் அப்படித்தான்.

நான் சொன்ன அளவுள்ள தடாகத்தில் அந்தப் பட்டையை இரு பக்கமும் இழுக்கும் விசை, மேலிருந்து கீழ்வரை கூட்டிப் பார்த்தால், ஏறத்தாழ 2.7 தொன் எடைக்குச் சமம். அதில் முக்கால்வாசி சுவரின் கீழ்ப்பாதியில் விழுகிறது. தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலமும், நீங்கள் நித்திரை கொள்ளும்போதும், தகடு அந்த இழுவையைத் தாங்கிக்கொண்டே நிற்கிறது.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு போர்த்துக்கீசப் பெரியவர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் அப்போது ஒரே அளவு. அதனால் கையால்தான் பாடம் நடக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும், பம்பைப் பார்க்க முன்னர், தண்ணீரின் நிறத்தைப் பார்க்க முன்னர், நேரே ஸ்கிம்மருக்குப் போவார். ஸ்கிம்மர் என்பது சுவரின் மேற்பகுதியில் துவாரம் வெட்டிப் பூட்டியிருக்கும் பெட்டி. மேலே மிதக்கும் இலை தழைகளை அதுதான் உள்ளே இழுக்கும். அதற்குக் கீழே சுவரை ஒரு விரலால் மேலிருந்து கீழே தடவுவார். பிறகு அந்த விரலைப் பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்ப்பார். காய்ந்திருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். ஈரம் பட்டால் முகம் மாறிவிடும். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவர் ஓய்வெடுத்துப் போனபின், என்னுடைய நான்காவது கோடையில், வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆனி மாதத்தில் ஸ்காபரோவில் ஒரு தமிழ் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்கிம்மருக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், ஒரு அடி நீளத்துக்குப் பெயின்ற் பொருக்குவிட்டு நின்றது. தட்டினேன், உதிர்ந்தது. உள்ளே செம்மண் நிறம். இரண்டு இடங்களில் ஊசித் துளை. வரும் சனிக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள், பிள்ளைகள் நிறையப் பேர் வருவார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒட்டுப் போட்டுவிட்டு வா என்றார்.

கறளைச் சுரண்டினேன். ஓர் அலுமினியத் தகட்டை அளவாக வெட்டி வெளிப்பக்கத்தில் வைத்தேன். தண்ணீர்மட்டத்தை இறக்கி, லைனரை விலக்கி, இரு பக்கமும் மேலிருந்து கீழாக நெருக்கமாகத் துளையிட்டு ரிவெட் அடித்தேன். ஓரமெல்லாம் பசை பூசி, சுவரின் நிறத்திலேயே பெயின்ற் அடித்தேன். தெரியாத மாதிரி முடிந்திருந்தது. வீட்டுக்காரர் கை குலுக்கினார். வேலை சுத்தமாக இருந்ததில் எனக்கும் நல்ல திருப்தி.

ஆடி மாதம் ஒரு நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னர், அந்தச் சுவர் வெடித்தது. ஆம், வெடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். வளையம் ஓரிடத்தில் அறுந்தால், மிச்சத் தகட்டுக்குத் தண்ணீரை மறிக்கும் வலு இல்லை. முழுச் சுவரும் விரிந்து திறந்தது. 51 தொன் தண்ணீர் ஒரேயடியாகப் போனது. மரவேலி சாய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு பேஸ்மென்ற் யன்னலால் தண்ணீர் இறங்கியிருந்தது. பிளாஸ்ரிக் கதிரைகள் இரண்டு வீடு தள்ளிக் கிடந்தன. பம்பின் குழாய்கள் முறிந்து தொங்கின.

யாருக்கும் காயமில்லை. முதல் நாள் மாலை எட்டு மணிவரை அதே தண்ணீருக்குள் ஐந்து பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள். நான் போனபோது அந்தத் தாய் வெறும் மணலில் நின்றுகொண்டு ஓர் இடத்தைக் கையால் காட்டினார். "தம்பி, சின்னவள் எப்பவும் இவ்விடத்திலைதான் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள்." அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கிழிந்த தகட்டை நிமிர்த்திப் பார்த்தேன். என் ஒட்டு அப்படியே இருந்தது. அலுமினியத் தகடு கழரவில்லை; பசைகூட விடவில்லை. ஒட்டின் பக்கவாட்டில், நான் போட்ட ரிவெட் துளைகளின் வழியே, துளைக்குத் துளை தொட்டு மேலிருந்து கீழாகக் கிழிந்திருந்தது. தபால் முத்திரைத் தாளில் வரிசையாகத் துளையிட்டிருப்பார்களே, அந்த ஓரம்போல. ஏற்கெனவே கறளால் மெலிந்த தகட்டில் கிழிவதற்கு வழி வெட்டிக் கொடுத்தது என் கை.

அந்த மாரிகாலம் முழுவதும் இதைப் பற்றிப் படித்தேன். இழுவையில் இருக்கும் அகலமான தகட்டில் வட்டமாக ஒரு சிறு துளை இருந்தால், துளையின் ஓரத்தில் விசை மூன்று மடங்காகும். ஜெர்மன் பொறியியலாளர் கிர்ஷ் 1898ஆம் ஆண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் போர்த்துக்கீசப் பெரியவரின் விரல் எதைத் தேடியது என்று விளங்கியது.

ஸ்கிம்மருக்குத் துவாரம் வெட்டும் இடத்தில் தகட்டின் ஓரம் பச்சை இரும்பாக வெளியே தெரியும். மற்ற இடமெல்லாம் நாகம் பூசியிருக்கும். துத்தநாகம் என்பார்களே, அது. வெட்டிய ஓரத்தில் பூச்சில்லை. ஸ்கிம்மரின் ஓரத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் காலம் போகப் போகக் காய்ந்து சுருங்கும். ஒரு துளி கசியும். அந்தத் துளி வெளிப்பக்கத்தை நனைப்பதோடு, லைனருக்கும் சுவருக்கும் இடையிலும் நேர் கீழே இறங்கும். அங்கே காற்றும் போகாது, வெயிலும் படாது, நனைந்தது காயாது. துளி போன பாதையெல்லாம் கறள் இறங்கும். அந்தப் பாதை செங்குத்தானது. தண்ணீர் தகட்டை இழுப்பதோ கிடையாக. கிடையாக இழுக்கும் துணியைக் கிழிக்க வேண்டுமென்றால் செங்குத்தாகத்தானே வெட்டு வைப்போம்? கசிவு, வேறெங்கும் போகாமல், சுவர் கிழியக்கூடிய திசையிலேயே கோடு போட்டு வைக்கிறது. வளையம் முழுவதும் புதிதுபோல மினுங்கினாலும், அந்த ஒரு கோடு போதும்.

கறள் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் வெளியே வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாகம் இரும்புக்காகத் தன்னைக் கொடுக்கும். அது கரையும்போது வெள்ளைப் பொடிபோலப் படியும். அது தெரிந்தால் இன்னும் காலம் இருக்கிறது என்று அர்த்தம். நாகம் தீர்ந்தபிறகுதான் இரும்பு அரிக்கும். கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ற் கொப்புளம்போல எழும்பும். வீட்டுக்காரர் வெளியே கொப்புளத்தைக் காண்கிறார், தொடங்குகிறது என்று நினைக்கிறார். உண்மையில் தகட்டின் முழுத் தடிப்பையும் தின்று முடித்துவிட்டுத்தான் அது வெளியே முகம் காட்டுகிறது.

இப்போது பலர் உப்புத் தண்ணீர் முறைக்கு மாறிவிட்டார்கள். உப்பைக் கரைத்து, மின்சாரத்தால் அதிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி. கண் எரியாது, தோல் காயாது என்பதெல்லாம் சரிதான். ஆனால் லீற்றருக்கு 3 கிராம் உப்பு என்றால் 51,000 லீற்றருக்கு ஏறக்குறைய 150 கிலோ. இருபது கிலோ மூட்டையில் ஏழெட்டு மூட்டை. கடலில் லீற்றருக்கு 35 கிராம் இருக்கும், அதோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். தண்ணீருக்குள் இருக்கும்வரை அது உண்மை. பிள்ளைகள் பாய்ந்து குதிக்க, தண்ணீர் மேல்விளிம்பில் தெறிக்கிறது. தண்ணீர் காய்கிறது, உப்புக் காயாது. அடுத்த நாள் மீண்டும் தெறிக்கிறது. மேல்விளிம்பின் கீழே, ஆணித் தலைகளைச் சுற்றி, கால்களின் இடுக்குகளில், கோடை முடிய உப்பு வெள்ளையாகப் படிந்து நிற்கும். அந்த இடுக்குக்குள் இருப்பது கடலைவிடக் கடுமையான உப்பு.

எனக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. நான் பருத்தித்துறைக் கரையில் வளர்ந்தவன். கடற்காற்றுப் பட்டால் புதுச் சைக்கிளின் றிம்மும் சில மாதங்களில் புள்ளி புள்ளியாகக் கறள் பிடிக்கும். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல தண்ணீரில் துணி நனைத்துச் சைக்கிளைத் துடைத்து, காயவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவுவார். எண்ணெயைவிடத் துடைப்பதுதான் முக்கியம் என்பார். இன்று உப்புத் தடாகம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்வதும் அதுதான். வாரத்துக்கு ஒருமுறை மேல்விளிம்பையும் கால்களையும் நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள்.

குளோரின் வில்லைகளைச் சிலர் சுகமென்று ஸ்கிம்மருக்குள்ளேயே போட்டு வைப்பார்கள். பம்பு நின்றிருக்கும் நேரத்தில் வில்லை கரைந்து, அந்தப் பெட்டிக்குள் கடும் அமிலத் தண்ணீர் தேங்கும். ஏற்கெனவே பலவீனமான இடத்தில் இது வேறு. வில்லைக்கு மிதவை இருக்கிறது, அதில் போடலாம்.

சுவரின் அடியையும் மறக்கக் கூடாது. அழகுக்காக மண்ணை அணைத்துப் பூச்செடி நடுகிறார்கள். வெட்டிய புல் கால்களின் அடியில் குவிந்து அழுகுகிறது. நனைந்த மண்ணில் நிற்கும் இரும்பு எத்தனை காலம் நிற்கும்? ஒரு சாண் இடைவெளி விட்டுச் சரளைக்கல் பரப்பினால் போதும். நீள்வட்டத் தடாகமானால் இன்னும் கவனம் வேண்டும். அதன் நேரான பக்கங்களில் வளையம் வேலை செய்யாது. வெளியே சாய்வாக நிற்கும் தாங்குகால்களும் நிலத்துக்கடியில் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் பட்டைகளும்தான் சுமக்கின்றன. அந்தப் பட்டைகள் மண்ணுக்குள் கறள் பிடிப்பதை யாரும் காண்பதில்லை.

பிறகு எங்கள் மாரி. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும். அதனால் குளிர் வரமுன்னர் தண்ணீர்மட்டத்தை ஸ்கிம்மருக்குக் கீழே இறக்கி, குழாய்களைக் காலியாக்கி மூட வேண்டும். ஆனால் முழுவதையும் வெளியேற்றிவிடக் கூடாது. வெறுந்தகடு காற்றுக்கு மடிந்துவிடும். லைனரில் ஓட்டையிருந்து, பனிக்கட்டிக்குக் கீழே தண்ணீர் வடிந்துபோனால், கட்டி அந்தரத்தில் நின்று, ஒருநாள் சுவரையும் இழுத்துக்கொண்டு விழும். மாரியில் கறள் தெரியாது, வசந்தத்தில்தான் கணக்கு வரும்.

அப்படியானால் கறள் பிடிக்காத எவர்சில்வர் போட்டால் போச்சு என்று ஒருவர் சொன்னார். அவருக்கு சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரத்தைப் பற்றிச் சொன்னேன். அங்கே 1972இல் திறந்த உள்ளக நீச்சல் தடாகத்தில், கொங்கிரீட் உட்கூரையை எவர்சில்வர்க் கம்பிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். 1985 மே 9ஆம் தேதி அது இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். குளோரின் கலந்த ஈரக் காற்றில் அந்தக் கம்பிகள், இழுவையைத் தாங்கியபடியே, உள்ளுக்குள் வெடித்துப் போயிருந்தன. இழுவையும் குளோரைட்டும் சேருமிடத்தில் எந்த உலோகத்தையும் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது என்று அந்த விபத்து உலகுக்குக் காட்டியது.

ஆகவே நான் இப்போது செய்வது இது. லைனர் மாற்றும் நாள்தான் சுவரின் உட்பக்கத்தை முழுதாகக் காணக் கிடைக்கும் ஒரே நாள். ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த நாளை வீணாக்க மாட்டேன். ஸ்கிம்மரையும் தண்ணீர் திரும்பி வரும் வாயையும் கழற்றி, கேஸ்கெட்டுகளைக் கட்டாயம் மாற்றுவேன். ஸ்குரூ ட்றைவரின் பிடியால் அடிவரை தட்டிக்கொண்டு போவேன். நல்ல தகடு மணிபோலக் கேட்கும். கறள் தின்றது மட்டைபோலக் கேட்கும். மேலோட்டமான கறளானால் கம்பித் தூரிகையால் தேய்த்து, நாகம் செறிந்த பூச்சு அடித்து, மேலே நுரைத்தாள் ஒட்டுவேன். ஸ்குரூ ட்றைவரின் முனை உள்ளே போனால், போல்ட் வரிசைக்குப் பக்கத்தில் தகடு மெலிந்திருந்தால், ஸ்கிம்மருக்குக் கீழே துளைகள் கோடாக இறங்கியிருந்தால், ஒட்டுப் போட மாட்டேன். எவ்வளவு காசு தந்தாலும் போட மாட்டேன். வேறு ஆள் பிடிப்பேன் என்றால், அந்த ஆளிடமும் இதைச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஏஜக்ஸில் ஒரு வீடு. லைனர் மாற்ற அழைத்திருந்தார்கள். காற்று அடங்கிய காலை பார்த்துத் தண்ணீரை இறைத்து, லைனரை வெட்டி எடுத்தேன். சூரியன் ஸ்கிம்மரின் பக்கத்தில் நின்றது. உள்ளே திரும்பிப் பார்த்தேன். சுவரில் வெளிச்சப் புள்ளிகள். ஸ்கிம்மரின் இடது மூலையிலிருந்து கீழ்வரை ஒன்றன்கீழ் ஒன்றாக, பதினேழு. வெளியே பெயின்ற் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது.

வீட்டுக்காரரை உள்ளே வரச் சொல்லிக் காட்டினேன். அவர் இரண்டு வேலை செய்பவர். புதுச் சுவர் என்றால் புதுத் தடாகத்தின் செலவு வந்துவிடும் என்று தெரிந்தவர். "அண்ணை, இந்த ஒரு கோடைக்கு மட்டும் சமாளிக்க ஏலாதோ?" என்றார். நான் விலையைப் பற்றிப் பேசவில்லை. ஸ்காபரோ வீட்டுக் கதையைச் சொன்னேன். என் ஒட்டு கழராமல் இருந்ததையும் சொன்னேன். அவருடைய தாயார் மெல்ல ஏணியால் இறங்கி வந்து, அந்தப் புள்ளிகளுக்கு முன்னால் கையை வைத்தார். உள்ளங்கையில் வெளிச்சம் விழுந்தது. "இதுக்குள்ளையோ பிள்ளையள் குளிச்சதுகள்?" என்று கேட்டார். பிறகு மகனைப் பார்த்து, "கழட்டச் சொல்லு" என்றார்.

அன்றே கழற்றினோம். அந்தக் கோடையில் பிள்ளைகள் தோட்டக் குழாயில் நனைந்து விளையாடினார்கள். அடுத்த வைகாசியில் புதுச் சுவர் நிறுத்தினேன். ஸ்கிம்மரைப் பூட்டும்போது அந்த அம்மா கதிரை போட்டுப் பக்கத்தில் இருந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒருமுறை எங்கே தடவிப் பார்க்க வேண்டும் என்று என் விரலால் செய்து காட்டினேன். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் ஏறி முடிந்ததைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்னரே அவர் எழுந்து போய், குனிந்து, ஸ்கிம்மருக்குக் கீழே விரலால் தடவி, பெருவிரலோடு தேய்த்துப் பார்த்தார்.

"காய்ஞ்சுதான் இருக்கு, தம்பி" என்றார்.